பூநாரைக்குச் சரணாலயம், ஆயாவுக்குப் புறம்போக்கு

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானும் பூநாரைக் கவிதை எழுதியவன்தான். ஏழெட்டு வருஷத்துக்கு முந்தி ஒரு சிற்றிதழில் வந்தது. பழவேற்காட்டு ஏரி, சாயங்கால வெயில், ஒத்தைக் காலில் நிற்கும் பறவை, தண்ணீரில் கரைகிற இளஞ்சிவப்பு என்று வழக்கமான சரக்கு. நண்பர்கள் போன் போட்டுப் பாராட்டினார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "இதுல ஆயா எங்கடா?" என்றது. நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கவிதையை இனி எந்தத் தொகுப்பிலும் சேர்க்கப் போவதில்லை. அம்மா கேட்ட கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயா என்பது என் நைனாவைப் பெற்றவள். பொன்னேரி தாலுகாவில், ஏரியின் மேற்குக் கரையோரம் எங்கள் சேரி. நடவும் அறுப்பும் இருக்கிற மாதங்களில் ஊர்க்காரன் நிலத்தில் கூலி. தை கழிந்து வயலில் வேலை ஓய்ந்ததும் ஆயா ஏரியில் இறங்கிவிடும். படகு கிடையாது, வலை கிடையாது. பனையோலையில் முடைந்த பறி ஒன்று. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சில நேரம் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குந்தியபடி இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி நகரும். விரலில் இறால் தட்டினால் பிடித்துப் பறிக்குள் போடும். இருளர் பெண்களிடம் கற்றுக்கொண்ட வேலை. அவர்கள்தான் அதில் கெட்டிக்காரர்கள். ஆயா அவர்களுக்குப் பின்னால் போகிற ஆள். உள்ளங்கை முழுக்க ஆளி கிழித்த கோடுகள். ரேகை பார்க்கிறவன் வந்தா மெரண்டு ஓடிப்போவான் என்று நைனா கிண்டல் பண்ணும்.

இனி அந்தப் பறவையைப் பாருங்கள். பூநாரை என்ன பண்ணுது? ஆழமில்லாத தண்ணீரில் நின்று காலால் சேற்றைக் கலக்குகிறது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து, கலங்கிய நீரை உறிஞ்சி வடிகட்டுகிறது. சின்னக் கூனிகள், புழுக்கள், பாசித்துகள் உள்ளே தங்கும். தண்ணீர் வெளியே போகும். ஆயா செய்ததும் பூநாரை செய்வதும் ஒரே வேலை. ஒரே சேறு, ஒரே ஆழம், ஒரே குனிவு. அந்தப் பறவைக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆந்திரப் பக்கம் 1976லும் தமிழ்நாட்டுப் பக்கம் 1980லும் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். 2001ல் சூலூர்பேட்டையில் அதன் பேரில் திருவிழாவே ஆரம்பித்தார்கள். ஆயாவுக்கு என்ன இருக்கிறது? அது குனிந்து நின்ற இடத்துக்கு ரெவின்யூ ரெக்கார்டில் ஒரு பேர் இருக்கிறது: புறம்போக்கு.

பறவைக்குக் கொடுத்ததைப் பிடுங்கச் சொல்லவில்லை. அப்படிப் படிக்கிற தோழர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

*

ஏரி ஏரி என்கிறோமே தவிர, பழவேற்காடு ஏரி அல்ல, காயல். சென்னைக்கு வடக்கே தொடங்கி ஆந்திராவுக்குள் சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில்; ஆறில் ஒரு பங்கு போலத் தமிழ்நாட்டில். தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கியும் நல்ல தண்ணீர் கொண்டுவருகின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கடலை மறித்து நிற்கிறது. பழவேற்காடு ஊருக்குப் பக்கத்து முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீரில் உப்பே தெரியாது. சித்திரை வைகாசியில் வடக்குப் பக்கம் கடலைவிட உப்பாகி, வற்றி, வெடித்துக் கிடக்கும். மழைக்காலத்தில் 460 சதுர கிலோமீட்டர் வரை விரிவது கோடையில் 250க்குச் சுருங்குகிறது என்கிறார்கள். சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். ஒரு ஆள் நடந்தே பாதி ஏரியைக் கடக்கலாம்.

இந்த 460க்கும் 250க்கும் நடுவில் இருக்கிற நிலம் எது? வருஷத்தில் பாதி நாள் தண்ணீர், பாதி நாள் தரை. அங்கேதான் உமரி முளைக்கிறது, கண்டல் வேர் விடுகிறது, நண்டு வளை தோண்டுகிறது. அதிகாரி வந்து பார்த்தால் சகதி, நாத்தம், உபயோகமத்த எடம். காயலின் உயிர் இருப்பதோ அந்தச் சகதியில்தான். நடு ஏரியில் அல்ல.

எப்படி என்று கேட்டால், வெள்ளை இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். அது முட்டை போடுவது கடலில். குஞ்சு கொசு அளவுகூட இருக்காது. ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, முழங்கால் ஆழம்கூட இல்லாத கரையோரச் சேற்றில் ஒதுங்குகிறது. பெரிய மீன் அங்கே நீந்தி வர முடியாது. வெயில் அடித்தடித்துச் சேற்றின் மேல் ஒரு பாசித்தோல் படர்ந்திருக்கும். அதைத் தின்று புழு பெருகும். மக்கிய உமரியும் கண்டல் இலையும் சேர்ந்துகொள்ளும். இறால் அங்கே சில மாதம் தின்று வளர்ந்து, வத்தத்தோடு மறுபடி கடலுக்குப் போகிறது. மடவையும் பால்கெண்டையும் சின்ன வயசில் இந்தக் கரைகளில்தான் அண்டுகின்றன. ஆழ்கடலில் விசைப்படகுக்காரன் பிடித்து, ஐஸ் போட்டு, ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற இறாலில் நிறையவற்றுக்கு இப்படியொரு சேற்றோரம்தான் தொட்டில். சைபீரியாவிலிருந்து உள்ளானும் மூக்கனும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வருவது நடு ஏரித் தண்ணீருக்காக அல்ல. இந்தச் சேற்றுப் புழுவுக்காக.

'எங்கயும் சேராதது, ரெண்டுங்கெட்டான், அசிங்கம்' என்று ஒதுக்கப்பட்ட இடம்தான் ஊரையும் கடலையும் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறது. இந்த வர்ணனையை வேறெங்கோ கேட்ட மாதிரி இல்லை? ஊருக்கு வெளியே, தாழ்வான இடத்தில், மழை பெய்தால் முங்குகிற பக்கத்தில் கட்டப்பட்ட தெருக்களில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலத்தைப் பிரிக்கிற கண்ணும் மனுசனைப் பிரிக்கிற கண்ணும் ஒரே முகத்தில்தான் இருக்கின்றன. கல்லூரியில் தமிழ் படித்தவன் நான். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கழியும் கானலும் தலைவியின் ஏக்கமும் மனப்பாடம். கழியில் கை விட்டுத் தடவியவள் ஏங்கினாளா, அவளுக்கு எந்தத் திணை என்று ஒரு வாத்தியாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் ஆயா திண்ணையில் உட்கார்ந்து காலில் குத்திய கிளிஞ்சலை ஊசியால் எடுத்துக்கொண்டிருக்கும்.

*

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன்.

சூழலியல் பேசுகிற அறிஞர்கள் பழவேற்காட்டுக்கு வந்தால் ஒரு விஷயத்தைப் பார்த்துச் சொக்கிப்போகிறார்கள். 'பாடு' முறை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வத்தத்தோடு கடலுக்குத் திரும்பும் இறாலைப் பிடிக்க நல்ல இடங்கள் உண்டு. அந்த இடங்களில் கழி நட்டு வலை கட்டுவதற்கு ஊர்களுக்குள் முறை வைத்து, சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு உனக்கு நாளைக்கு எனக்கு என்று பகிர்ந்துகொள்கிறார்கள். சர்க்கார் தயவு இல்லை, போலீஸ் இல்லை. பொதுச்சொத்தைச் சமூகமே நிர்வகிக்கும் அற்புதம் என்று கட்டுரைகள், கருத்தரங்குகள். நான் அதில் சிலவற்றைப் படித்தேன். நல்ல விஷயம்தான். போட்டி போட்டு அழிக்காமல் பங்குபோட்டுப் பிடிப்பது எந்தக் காலத்துக்கும் நல்லதுதான்.

யார் யாருக்குள் பங்கு என்பதுதான் கேள்வி. பாடு உரிமை பிறப்பால் வருவது. பட்டினவர் குப்பங்களில், கல்யாணமான ஆம்பளைக்குத் தலைக்கட்டுக் கணக்கில் வருவது. பெண்ணுக்குக் கிடையாது. இருளருக்குக் கிடையாது. எங்களுக்குக் கிடையாது. கூலி வேலை குறைந்து தண்ணீருக்கு வந்த தலித்துகளைப் 'புதுசா வந்தவங்க' என்று ஆராய்ச்சிக்காரர்களே எழுதுகிறார்கள். தண்ணிக்குப் புதுசா நாங்க? எங்களைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வைத்திருந்த பழசு எது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாமே. நிலத்தில் வர்ணக்கோடு போட்டால் அதற்குச் சாதி என்று பேர். அதையே தண்ணீரில் கழி நட்டுப் போட்டால் பாரம்பரிய மேலாண்மையா?

எனக்கு ஒன்பது பத்து வயசு இருக்கும். ஆயாகூட நானும் போயிருந்தேன். வத்த நேரம். ஆயா தடவிக்கொண்டே போனதில் ஒரு வலைக் கழிக்குப் பக்கமாகப் போய்விட்டது. படகில் வந்த இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். ஆயா எழுந்து, பறியைக் கழுத்திலிருந்து கழற்றி, "தெரியாம வந்துட்டேன் சாமி" என்றது. ஒருவன் துடுப்பால் பறியைத் தட்டினான். காலையிலிருந்து பிடித்தது அத்தனையும் ஏரிக்குள்ளேயே போனது. என்னை விட வயசில் கொஞ்சம்தான் பெரியவன் இன்னொருவன், அவன் சிரித்தான். ஆயா தண்ணீரில் மிதந்த பறியை எடுத்து, சேற்றை அலசி, மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டது. வீட்டுக்கு வருகிற வழியில், "நைனாகிட்ட சொல்லாத" என்றது. நான் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன். நைனாவும் இல்லை, ஆயாவும் இல்லை.

இதை எழுதுவதில் ஆபத்து இருக்கிறது என்று தெரியும். அந்தக் குப்பத்து மக்களும் ஒடுக்கப்படுகிறவர்கள்தான். அவர்கள் கடலைத் துறைமுகம் தின்றுகொண்டிருக்கிறது. 1870களில் ஆரம்பித்துச் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் கொட்டியபோது நடந்தது நமக்குத் தெரியும். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதம் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. சுவர் கட்டினால் மணல் தெற்கே தங்கும், வடக்கே கரை அரிக்கும். தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் வீடு வீடாகக் கடலுக்குள் போயின. அதே கதை 2001ல் எண்ணூர்த் துறைமுகமாக வந்தது, பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமாக வந்தது. காட்டுப்பள்ளியை 2018ல் அதானி குழுமம் வாங்கியது. அதைப் பல மடங்கு பெருக்கத் திட்டம் போட்டது. அதற்கான மக்கள் கருத்துக் கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தேதி குறிக்கப்பட்டு, எதிர்ப்புக்கிடையே தள்ளிப்போனது. கடலுக்கும் காயலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மணல் திட்டு. அது அரித்தால் பழவேற்காடு காயலாகவே இருக்காது. இந்த எதிர்ப்பில் முன்னால் நின்றவர்கள் குப்பத்து மீனவர்கள். அவர்கள் நிற்கவில்லையென்றால் திட்டம் எப்போதோ நடந்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படி ஒரு போராட்டக் கூட்டத்துக்கு நானும் போனேன், லீவு போட்டுவிட்டு. மேடையில் மீனவர் தலைவர்கள், வக்கீல், பறவை ஆர்வலர், நகரத்திலிருந்து வந்த இளைஞர்கள். எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். பந்தலுக்கு வெளியே வெயிலில் இருளர் பெண்கள் ஒரு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் சேர்க்கக் கூப்பிட்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தரையும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அந்தச் சேற்றில் எந்த மாதம் எந்தப் பக்கம் இறால் ஒதுங்கும், முகத்துவாரம் தூர்ந்தால் எத்தனை நாளில் தண்ணீர் கெடும், எந்த இடத்தில் சாம்பல் படிந்து சேறு கெட்டிப்பட்டுப்போச்சு என்று அந்தப் பந்தலிலேயே அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள். பாலிதீன் பையில் தண்ணி பாக்கெட் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

*

சட்டம் என்ன செய்தது என்று பார்ப்போம்.

1990களில் இறால் பண்ணை வந்தது. நாகை, தஞ்சைக் கடலோரத்தில் நெல் விளைந்த இடத்தில் உப்புத்தண்ணீர்க் குட்டைகள். குட்டைக்காரனுக்குக் கூலியாள் தேவையில்லை, காவலாள் இரண்டு பேர் போதும். அறுப்பு வேலை போனது, குடிதண்ணீர்க் கிணறு உப்பானது. யார் கிணறு முதலில் உப்பாகும்? தாழ்வான பக்கம் இருக்கிறவன் கிணறு. கீழ்வெண்மணிக்குப் பிறகு அந்த வட்டாரத்திலேயே தங்கி நிலமற்ற தலித்துகளுக்கு நிலம் வாங்கித் தந்துகொண்டிருந்த எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். காந்தியவாதி, நமக்கும் அவருக்கும் தத்துவத்தில் ஆயிரம் சண்டை இருக்கலாம். ஆனால் வழக்கைப் போட்டது அவர்தான், நம் இயக்கங்கள் அல்ல. 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில், அதாவது உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், வணிக இறால் பண்ணை கூடாது. சிலிகாவுக்கும் பழவேற்காட்டுக்கும் தனியாகப் பேர் சொல்லி, 1000 மீட்டருக்குள் கூடாது. இருப்பதை இடிக்க வேண்டும், வேலை போனவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும்.

ஒன்பது வருஷம் ஓடியது. 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் என்று நாடாளுமன்றம் ஒன்றைக் கொண்டுவந்தது. 500 மீட்டர் 200 மீட்டர் ஆனது. நீதிமன்றம் தடுத்த தொழிலைச் சட்டம் பதிவு பண்ணிக்கொடுத்தது. 2023ல் அதற்கும் ஒரு திருத்தம். மீறினால் சிறை என்றிருந்ததை எடுத்துவிட்டு அபராதம் என்றாக்கினார்கள். பண்ணைக்காரனுக்காகச் சட்டம் வளைந்த வேகத்தைப் பாருங்கள். அந்தப் பண்ணைக்குக் குஞ்சு பொரித்துத் தருகிற நிலையங்களில் தாய் இறாலுக்குத் தீனியாகச் சேற்றுப் புழு வேண்டும். அந்தப் புழுவைக் கரையில் தோண்டித் தருவது யார்? அதே இருளர்கள், அதே எங்கள் ஜனங்கள். ஏரிக்கரையைத் தோண்டிக் கொடுத்து, ஏரியைக் கெடுக்கிற தொழிலுக்குச் சோறு போடுகிறோம். வேறு வேலை கொடுத்தால் யார் போய் அந்தச் சேற்றில் குழி தோண்டப் போகிறார்கள்?

இதே காயலின் வடபக்கக் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீஹரிகோட்டாக் காட்டில் இருந்த ஏனாதிகளை அப்புறப்படுத்தித்தான் ராக்கெட் தளம் வந்தது. 1971ல் முதல் ராக்கெட் போனது. சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்குப் போட்ட ரோடு காயலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. விடும்போதெல்லாம் நாம் கைதட்டுகிறோம்.

*

நான் ஒரு வங்கியில் கிளார்க். எங்கள் கிளைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏரியை நம்பிப் பிழைக்கிறவர்கள். போன வருஷம் ஒரு இருளர் அம்மா வந்தது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறது. பிடிக்கிற இறால் முழுக்க அவன் சொல்கிற விலைக்கு அவனுக்கே. அந்தக் கடனை அடைத்துவிட்டால் பழவேற்காடு மார்க்கெட்டில் தானே உட்கார்ந்து விற்கலாம். கொஞ்சம் பணம் கிடைக்குமா என்று கேட்டது. நியாயமான கணக்கு. நான் பார்த்த எத்தனையோ கம்பெனித் திட்ட அறிக்கைகளைவிடத் தெளிவான கணக்கு.

2018-19 பட்ஜெட்டில் விவசாயிகள் கடன் அட்டையை மீன்பிடித் தொழிலுக்கும் நீட்டித்தார்கள். சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தேன். உள்நாட்டு மீன்வளம் என்றால் குளமோ குட்டையோ குஞ்சு பொரிப்பகமோ சொந்தமாகவோ குத்தகைக்கோ வேண்டும். கடல் மீன்வளம் என்றால் பதிவு செய்த படகு வேண்டும், கழிமுகத்திலும் கடலிலும் பிடிக்க அனுமதி வேண்டும். அந்த அம்மாவிடம் இருந்தது பத்து விரல். 'தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மேலே கேட்டேன். "கூலின்னு போடுங்க சார், எதுக்கு வம்பு" என்றார்கள். போட்டேன். கூலி என்றால் மீன்பிடிக் கடன் இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை இருந்தால் தடைக்கால நிவாரணமாவது வரும். படகும் வலையும் இல்லாதவளைச் சங்கத்தில் யார் சேர்ப்பது? என் கையெழுத்தில்தான் அந்த ஒரு வார்த்தை இருக்கிறது. வாழ்நாளெல்லாம் இறால் பிடித்தவளை மீன்பிடிக்காதவள் என்று நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

*

கடைசியாக நம் வீட்டுக்கு வருவோம்.

நாம் நிலம் கேட்கிறோம். கேட்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர் 1891ல் பறையர்கள் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892ல் பஞ்சமி நில அரசாணை வந்தது. அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இந்தப் பொன்னேரியும் இருந்தது. 12 லட்சம் ஏக்கர் என்கிறோம். அதை மீட்கப் போன ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தார்கள். அந்த ரத்தத்துக்கு நாம் கணக்கு முடிக்கவில்லை. ஆனால் தோழர்களே, நாம் கேட்கிற நிலம் எப்பவும் காய்ந்த நிலமாகவே இருக்கிறதே, ஏன்? ஏக்கர், சர்வே எண், பட்டா. ஆறு மாசம் தண்ணியாகவும் ஆறு மாசம் தரையாகவும் இருக்கிற இடத்தை அளக்க நம்மிடம் சங்கிலி இல்லையா? 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாடில் போய் நின்றது வயலில் அல்ல, குளத்தில். தண்ணீரைத் தொடுவது உரிமை என்று ஆரம்பித்த இயக்கத்துக்குத் தண்ணீரின் கரையில் யார் பிழைப்பது என்ற கேள்வி எப்படி மறந்துபோனது?

ஒரு வழி சட்டத்திலேயே கிடக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(ஈ): நீர்நிலைகளின் மீனுக்கும் பிற விளைபொருளுக்கும் சமூக உரிமை கேட்கலாம். அந்தச் சட்டம் சொல்கிற 'வன நில'த்துக்குள் சரணாலயமும் அடக்கம். பறவைக்காகப் போட்ட கோட்டுக்குள் நின்றுகொண்டே மனுசி தன் சேற்றைக் கேட்க இடம் இருக்கிறது! பழங்குடியான இருளர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன்னாலிருந்து அங்கே வாழ்ந்து, அதை நம்பிப் பிழைத்ததைக் காட்டினால் போதும். நமக்கு? பழங்குடி அல்லாதவர் 75 வருஷம், மூன்று தலைமுறை காட்ட வேண்டும். ஆயா தடவிய இறாலுக்கு எந்தக் கச்சேரியில் ரசீது போட்டு வைத்திருக்கிறார்கள்? சட்டம் ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியையும் சாட்சியாக ஏற்கிறது என்பது ஒரு பிடி. வக்கீல் தோழர்கள் இதைத் தவறு என்று நினைத்தால் சண்டைக்கு வாருங்கள், அடுத்த இதழில் போடுவோம்.

அதற்கு முன்னால் இன்னொரு சண்டை நமக்குள்ளேயே முடிய வேண்டும். எங்கள் சேரியில் இருளர் வீட்டில் தண்ணி வாங்கிக் குடிக்காதவர்கள் இருக்கிறார்கள். இறால் தடவக் கற்றுக்கொடுத்தவள் வீட்டு வாசலில் ஆயாவே உட்காராது, நின்றுகொண்டே பேசிவிட்டு வரும். துடுப்பால் பறியைத் தட்டினவனை இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருக்கிற நான், இதை இத்தனை வருஷம் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. செங்கல் சூளையிலும் ரைஸ் மில்லிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எத்தனை பக்கம் எழுதின? 'தலித்' என்ற சொல்லை ஒடுக்கப்பட்ட எல்லோருக்குமானது என்று மேடையில் அகலமாக விரிக்கிறோம். அதன் ஓரத்தில் இருளர் அம்மாவுக்கு உட்கார இடம் இருக்கிறதா?

செய்யக்கூடிய ஒரு காரியத்தை ஆரம்பித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையோரக் குடியிருப்புகளுக்குப் போய், கையால் பிடிக்கிறவர்கள் பேர், எத்தனை தலைமுறையாக, எந்தெந்த மாதம் எந்தெந்த இடம் என்று எழுதுகிறேன். இதுவரை நான்கு குடியிருப்பு முடிந்திருக்கிறது. சேற்றுக்கெல்லாம் அவர்கள் வைத்திருக்கும் பேர் தனி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கேட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன். கடன் கேட்டு வந்த அந்த அம்மாதான் முதல் பேர். தொழில் என்ற இடத்தில் இந்தத் தடவை 'மீன்பிடிப்பு, கையால்' என்று போட்டேன். படிக்கத் தெரியாத அது, என்ன எழுதினே என்று கேட்டு, இரண்டு முறை வாசிக்கச் சொன்னது.

விடுமுறையில் வரக்கூடிய மாணவத் தோழர்கள் வாருங்கள். பொன்னேரியில் பஸ் மாறணும். வத்தம் பார்த்துத்தான் இறங்க முடியும், அதனால் விடியற்காலையிலேயே வந்துவிட வேண்டும். செருப்பு சேற்றில் நிற்காது. ஆளி கிழிக்கும், பழைய சாக்ஸ் ரெண்டு ஜோடி கொண்டுவாங்க. கேமராவை வீட்டிலேயே வச்சுட்டு வாங்க.